130 கிலோமீற்றர், 24 சைக்கிள்கள்: திருகோணமலை – மட்டக்களப்பு வீதியில் கூட்டமாக ஓடுவது எப்படி?

நெடுந்தூரச் சைக்கிள் பயணம் என்றவுடன் நம்மவர்களுக்கு இரண்டு காட்சிகள் நினைவுக்கு வரும். ஒன்று, சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் இலக்கத்தை முதுகில் குத்திக்கொண்டு இளைஞர்கள் பறக்கும் போட்டி. மற்றது, புலம்பெயர் தமிழர்கள் ஐரோப்பாவில் ஆண்டுதோறும் நடத்தும் ஈருருளிப் பயணம். ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை கூடும் நாட்களை ஒட்டி, மாசி மாதக் குளிரில், நாடு நாடாகக் கடந்து, வழியில் நகர முதல்வர்களையும் அரசியல்வாதிகளையும் சந்தித்து மனுக் கொடுத்தபடி ஐ.நா. முன்றலைச் சென்றடையும் பயணம் அது.

இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. யாரும் முதலாவதாக வர வேண்டியதில்லை. மனுவும் இல்லை. இருபது, முப்பது பேர் ஒன்றாகப் புறப்பட்டு, ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். கடந்த பெப்ரவரியில் அப்படியொரு பயணத்தில் நானும் சேர்ந்தேன். திருகோணமலை உள்துறைமுக வீதியில் தொடங்கி, ஏ-15 வீதியால் மட்டக்களப்பு வரை சுமார் 130 கிலோமீற்றர். இரண்டு நாட்கள், 24 பேர், அதில் ஏழு பெண்கள். ஓர் இரவு வாகரையில் தங்கினோம்.

திரும்பி வந்த பிறகு பலர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எங்களாலும் முடியுமா?" அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை. எப்படி ஒழுங்குசெய்வது, உடம்பு என்ன கேட்கும், வீதி என்ன கேட்கும் என்பதைச் சொல்கிறேன். இந்த வீதியில் ஓடுவது வேறு எந்த வீதியில் ஓடுவதைப் போலவும் அல்ல என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

போட்டி அல்லாத ஓட்டம்

உலகில் இந்த வகைக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரான்சில் 1891 இல் தொடங்கிய பாரிஸ் – பிரெஸ்ட் – பாரிஸ் ஓட்டம் முதலில் போட்டியாகத்தான் இருந்தது. இன்று அது 1,200 கிலோமீற்றரை 90 மணித்தியாலத்துக்குள் முடிக்கும் பயணம். முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. இதே முறையில் நடக்கும் 200 கிலோமீற்றர் ஓட்டத்துக்குப் பதின்மூன்றரை மணித்தியாலம் தருகிறார்கள். சாப்பாடு, ஓய்வு, ரியூப் ஒட்டும் நேரம் எல்லாம் அதற்குள் அடங்கும். சென்னையிலும் இந்தியாவின் வேறு நகரங்களிலும் இப்படியான ஓட்டங்கள் நடக்கின்றன.

கணக்குப் பார்த்தால் அந்த நேரத்தில் முடிக்கச் சராசரியாக மணிக்கு 15 கிலோமீற்றர் போதும். ஊரில் பாடசாலைப் பிள்ளைகள் காலையில் போகும் வேகத்தை விடப் பெரிதாகக் கூடியதல்ல. பல மணித்தியாலம் தொடர்ந்து போவதுதான் கடினம். அதற்குத்தான் கூட்டம் வேண்டும்.

எங்கள் 24 பேரில் கியர் வைத்த புதுச் சைக்கிள் வைத்திருந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. மற்றவை லுமாலாவும் பழைய ராலேயும். ஏ-15 கரையோரச் சமவெளியில் போகிறது, மலை ஏற்றம் இல்லை. இரண்டு நாளில் முடிப்பதற்குக் கியர் இல்லாத சைக்கிளே போதும். சீற் உயரம்தான் முக்கியம். சீற்றில் இருந்து, பெடலைக் கீழே விட்டு, குதிக்காலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் சீற்றைப் பதித்து வைத்துத்தான் ஓடுகிறோம். கடைக்குப் போய்வர அது பரவாயில்லை. 50 கிலோமீற்றர் தாண்டினால் முழங்கால் பேசத் தொடங்கிவிடும்.

பாதைகள் பாலங்களான வீதி

அதிகாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். முதல் ஆபத்து சீனக்குடாப் பக்கம். பிறீமா மா ஆலைக்கும் ரோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலைக்கும் போய்வரும் கனரக லொறிகள் விடிந்ததும் வீதிக்கு வந்துவிடும். லொறி கடந்து போகும்போது அதன் காற்று முதலில் தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். புதிதாக ஓடுபவர் அந்த இழுப்பில்தான் தடுமாறுவார். ஆகவே லொறிகள் வருமுன் இந்தப் பகுதியைக் கடந்துவிட வேண்டும். அதற்காகத்தான் ஐந்து மணி.

சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் இருக்கின்றன. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானத் தாக்குதலில் ஒன்று அழிந்தது. 2022 ஜனவரியில் இந்தக் குதங்களைப் பங்கிடும் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதே ஆண்டு நடுப்பகுதியில் நாடெங்கும் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை. மூலையில் சாத்தி வைத்திருந்த சைக்கிள்களை மறுபடி கழுவி எடுத்தது அப்போதுதான். எங்கள் குழுவே அந்த வரிசைக் காலத்தில் உருவானதுதான். வேலைக்குச் சேர்ந்து போய்வந்த ஐந்தாறு பேர், பெற்றோல் வந்த பிறகும் சைக்கிளை விடவில்லை.

அடுத்தது கிண்ணியாப் பாலம். 396 மீற்றர். 2009 ஒக்டோபரில் திறந்தபோது நாட்டின் மிக நீளமான பாலம். அதற்கு முன் இந்த வீதியில் போனவர்களுக்குத் தெரியும்: கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று ஒவ்வொரு நீர்நிலையிலும் பாதை வரும்வரை காத்திருக்க வேண்டும். பாதை என்று நாம் இங்கே சொல்வது வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி இழுத்துக் கடக்கும் மிதவையை. மட்டக்களப்புக்குப் போக ஒரு பகல் போய்விடும். காற்று மழை என்றால் அதுவும் நிச்சயமில்லை.

இன்று பாலங்கள் வந்துவிட்டன. ஆனால் கிண்ணியாவில் எல்லோருக்கும் வரவில்லை என்பதை 2021 நவம்பர் 23 காட்டியது. குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியாததால் மிதவையில் ஆற்றைக் கடந்த பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் அது கவிழ்ந்து உயிரிழந்தார்கள். கிண்ணியாவில் தேத்தண்ணிக்கு நின்றபோது கடைக்காரக் காக்கா ஒருவர் எங்களுடைய சைக்கிள்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாலத்தில ஓடுறத்துக்கு இப்ப உங்களுக்கு ஒரு நிமிசம் மகள். அந்த ஒரு நிமிசத்துக்கு எத்தனை வருசம் காத்திருந்தம்."

பாலங்களில் ஒற்றை வரிசை. களப்பு வெளியில் குறுக்குக் காற்று அடிக்கும். ஹான்டிலை இறுக்கிப் பிடிக்காமல் முழங்கையைச் சற்று மடித்துவைத்தால் சைக்கிள் தானாகவே நிமிர்ந்துகொள்ளும்.

காற்று, வெயில், தண்ணீர்

கிழக்கில் எந்த மாதம் ஓடுவது என்பதைக் காற்றுத்தான் தீர்மானிக்கும். மார்கழி, தை மாதங்களில் மழையும் வெள்ளமும். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடாகி நம் பக்கம் இறங்குவதுதான் கச்சான். வியர்வை தோலில் நிற்காமலே உலர்ந்துவிடும். அதனால் எவ்வளவு நீரை உடல் இழந்தது என்பது தெரியாது. மாசியும் பங்குனியும்தான் பொருத்தமான காலம். மாசியில் வாடைக்காற்றின் மிச்சம் இருக்கும். திருகோணமலையிலிருந்து தெற்கே போகிறவர்களுக்கு அது பெரும்பாலும் முதுகுப் பக்கமாகவோ பக்கவாட்டிலோ வரும். மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டால் அதே காற்று முகத்தில்.

மணிக்கு அரை லீற்றர் முதல் முக்கால் லீற்றர் வரை தண்ணீர் வேண்டும். தாகம் வந்த பிறகு குடிப்பதல்ல, பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மிடறு. வெறும் தண்ணீரை மட்டும் மணிக்கணக்கில் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து தலையிடியும் குமட்டலும் வரும். ஜீவனிப் பக்கெற் மருந்துக்கடையில் கிடைக்கும். இல்லாவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரைத்தால் அதே வேலை செய்யும். இளநீர் நல்லது, ஆனால் அதில் உப்பு குறைவு, ஆகவே கொஞ்சம் உப்புக் கச்சான் கொறியுங்கள்.

ஓடும் ஒருவர் திடீரென்று பேச்சுக் குழறினால், வியர்ப்பது நின்று உடம்பு கொதித்தால், அது களைப்பு அல்ல. உடனே நிழலுக்கு எடுத்து, உடுப்பைத் தளர்த்தி, நனைத்த துணியைக் கழுத்திலும் கமக்கட்டிலும் வைத்து விசிறியபடி வைத்தியசாலைக்கு ஏற்ற வேண்டும். கிண்ணியா, மூதூர், வாகரை, வாழைச்சேனை ஆகிய இடங்களில் வைத்தியசாலைகள் உண்டு. அவற்றின் தொலைபேசி இலக்கங்கள் எல்லோர் கையிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். போனில் மட்டும் இருந்தால் போதாது, போன் சாகும்.

கூட்டம் எப்படி ஓடுகிறது

24 பேரை எட்டு எட்டாக மூன்று அணியாகப் பிரித்தார்கள். நீண்ட ஒற்றை வரிசையாகப் போனால் பஸ்சுக்கு முந்த இடமிருக்காது, அது பொறுமையிழந்து இடையில் புகும். ஒவ்வோர் அணிக்கும் ஒரு முன்னாள், ஒரு கடைசி ஆள். முன்னாள் வேகத்தைப் பிடிக்கிறார். கடைசி ஆளின் வேலை ஒன்றே ஒன்று: அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது. எல்லோருக்கும் பின்னே ஒரு பட்டா வாகனம், தண்ணீர், பம், ரியூப், ஒட்டுச் சாமான், மருந்துப் பெட்டியோடு.

முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்கிறார். அவருக்குப் பின்னால் ஒட்டி வருபவருக்கு உழைப்பு குறைவு. மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறவர்கள் இதனால் நாலில் ஒரு பங்கு வரை மிச்சம் பிடிப்பார்கள். எங்கள் வேகத்தில் அவ்வளவு இல்லாவிட்டாலும், எதிர்க்காற்று வரும்போது வித்தியாசம் காலுக்குத் தெரியும். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னாள் மாறுவார். பலமானவர் அதிக நேரம் முன்னே நிற்பார், பலவீனமானவர் பின்னே ஒதுங்குவார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முன்னால் பார்ப்பவர் சத்தமாகச் சொல்ல வேண்டும்: "குழி!" "மணல்!" "மாடு!" பின்னால் இருப்பவர்: "வண்டி வருது!" ஒவ்வொருவரும் கேட்டதைத் திருப்பிச் சொல்லிக் கடத்துவார். கடைசி ஆள் வரை அது போய்ச் சேரும்.

நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் எண்ணுவோம். ஒன்று, இரண்டு என்று ஒவ்வொருவரும் தன் இலக்கத்தைச் சொல்வார். 24 வந்தால்தான் தண்ணீர்ப் போத்தல் திறக்கும். முதல் தடவை எண்ணியபோது சிரித்தார்கள். மூதூர் தாண்டிய பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"ஓடுதல்" என்ற சொல்

நம் பேச்சில் சைக்கிளை ஓட்டுவதில்லை, ஓடுகிறோம். "சைக்கிள் ஓடத் தெரியுமா?" என்றுதான் கேட்போம். ஷெல்லுக்கும் கிபிருக்கும் தப்பியதையும் அதே சொல்லால்தான் சொல்வோம்: "அந்த வருசம் ஓடினம்." நான் இந்தப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தேன் என்று கேள்விப்பட்டதும் மூதூர் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்த என் பெரியம்மா கேட்டா: "அந்த றோட்டால ஓடித்தானே வந்தனாங்கள். நீ ஏன் மகள் சும்மா ஓடப் போறாய்?"

அவ சொன்னது மிகையல்ல. 2006 ஏப்ரலில் சம்பூர்ப் பக்கம் விமானக் குண்டுவீச்சும் ஷெல் வீச்சும் தொடங்கியபோது மக்கள் வெளியேறினார்கள். ஓகஸ்டில் மூதூரில் சண்டை. மூதூர் முஸ்லிம் மக்கள் கந்தளாய்ப் பக்கம் போனார்கள். ஓகஸ்ட் 4 ஆம் திகதி மூதூரில் பட்டினிக்கு எதிரான அமைப்பின் 17 தொண்டுப் பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. மூதூர் கிழக்குத் தமிழ் மக்கள் ஈச்சிலம்பற்று, வெருகல், கதிரவெளி, வாகரை என்று தெற்கே தெற்கே நகர்ந்தார்கள். நவம்பர் 8 ஆம் திகதி கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மேல் ஷெல் விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2007 ஜனவரிக்குள் வாகரையும் வெறிச்சோடியது. எஞ்சியோர் மட்டக்களப்பு முகாம்களில்.

எங்கள் பயண வரைபடத்தை இதன்மேல் வைத்துப் பாருங்கள். நாங்கள் இரண்டு நாளில் போன இதே திசையில், இதே ஊர்களால், அவர்கள் எட்டு ஒன்பது மாதமாக வந்திருக்கிறார்கள். பலரிடம் இருந்த ஒரே வாகனம் சைக்கிள். பாரில் ஒரு பிள்ளை, கரியரில் அரிசி மூட்டையும் பாயும், ஹான்டிலில் குடமும் சட்டியும். ஓட முடியாத அளவுக்குப் பாரம் ஏறியதும் சைக்கிள் தள்ளுவண்டி ஆகும்.

எங்களுக்குப் பயணத்துக்கு முதல்நாள் இரண்டு மணித்தியாலம் வகுப்பு எடுத்தார்கள். மெதுவாகப் போகிறவரின் வேகமே கூட்டத்தின் வேகம். நிற்கும் இடமெல்லாம் எண்ணு. தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று முன்கூட்டியே அறி. கடைசி ஆளுக்குப் பின்னால் யாரையும் விடாதே. நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது எனக்குப் பக்கத்தில் இருந்த வெருகல் அக்கா மெல்லச் சொன்னா: "இதெல்லாம் எங்களுக்கு ஆரும் படிப்பிக்கயில்ல தங்கச்சி."

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பாதையெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். எங்கே நிற்பது என்பதை இப்போது நாங்கள் தீர்மானிக்கிறோம், அதுதான். வெருகல் சித்திரவேலாயுதசுவாமி கோயில் வாசலில் அரை மணித்தியாலம் நின்றோம். கதிரவெளியில் நின்றோம். யாரும் பேச்சு வைக்கவில்லை. அந்த ஊரில் பிறந்தவர்கள் சொன்னார்கள், மற்றவர்கள் கேட்டார்கள், பிறகு எண்ணிவிட்டுப் புறப்பட்டோம். பஸ்சில் இந்த வீதியால் நான் பல தடவை போயிருக்கிறேன். அந்த நிறுத்தங்கள் எதுவும் பஸ்சுக்கு இல்லை.

இப்படிச் சேர்ந்து போவது இந்த வீதிக்குப் புதிதுமல்ல. 2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியும் கிழக்கைக் கடந்து திருகோணமலை வழியாகத்தான் வடக்கே போனது. தமிழரும் முஸ்லிம்களும் அதில் சேர்ந்து நடந்தார்கள். அது கோரிக்கைகளை ஏந்திச் சென்ற போராட்டம். எங்களுடையது அப்படியல்ல. ஆனால் கோரிக்கை எழுதாத பயணத்திலும் வீதி தன் கதையைச் சொல்லத்தான் செய்கிறது.

செயற்கைக் காலோடு 130 கிலோமீற்றர்

எங்கள் 24 பேரில் ஒருவருக்கு வலக்கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சிறுவனாக வாகரையில் இருந்தபோது ஷெல் பட்டது. காயத்தோடு அண்ணன் அவரைக் கரியரில் இருத்திக் கட்டி இதே வீதியால் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டார். ஆனால் "கால் இல்லாதவங்களும் வாசிப்பாங்கள், எப்படி ஓடுறது எண்டதை மட்டும் வடிவா எழுதுங்கோ" என்றார். எழுதுகிறேன்.

முழங்கால் மூட்டு இருந்தால் சைக்கிள் ஓடலாம். ஜெய்ப்பூர்க் கால் இந்தியாவில் 1960களின் இறுதியில் ராம் சந்திர ஷர்மா என்ற கைவினைஞரும் மருத்துவர் பி. கே. சேத்தியும் உருவாக்கியது. பாதம் றப்பரால் ஆனதால் வளைந்துகொடுக்கும், வெறுங்காலோடு வயலிலும் இறங்கலாம். ஆனால் பெடலில் கணுக்காலால் உந்தும் வேலையை அதால் செய்ய முடியாது. நல்ல கால்தான் பெரும்பகுதி வேலையைச் செய்கிறது. ஆகவே பெடலின் நடுவில் பாதத்தின் நடுப்பகுதி வருமாறு வைத்து, நழுவாமல் ஒரு பட்டியால் தளர்வாகக் கட்ட வேண்டும். விழுந்தால் உடனே கழரும் அளவுக்குத்தான் கட்டு. சீற்றை மற்றவர்களைவிடச் சற்றுப் பதிக்க வேண்டும்.

உண்மையான பிரச்சினை வியர்வை. காலின் அடிக்கட்டை கிண்ணத்துக்குள் வியர்த்து வழுக்கி, தோல் உரையும். சிறு கொப்புளம் வந்தால்கூடக் கிழமைக் கணக்கில் காலைப் போட முடியாது. வேலைக்கும் போக முடியாது. அதனால் முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவர் காலைக் கழற்றி, துடைத்து, காயவிட்டு, புதுச் சொக்ஸ் போட்டுக்கொண்டார். எங்கள் நிறுத்தங்களை அவருடைய கால்தான் தீர்மானித்தது. ஒழுங்கமைப்பாளர்கள் முதலில் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு நிறுத்தம் என்றுதான் போட்டிருந்தார்கள், பிறகு மாற்றினார்கள். அந்த மாற்றத்தால் மற்ற 23 பேருக்கும் நன்மை. ஒருவர்கூட பட்டாவில் ஏறவில்லை.

வாகரையில் இறங்கியபோது அவர் சொன்னது: "அண்ணன் தள்ளினதை விட நான் கெதியா வந்திட்டன்."

பெண்கள் ஏன் குறைவு

வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் சைக்கிள் ஓடுவது புதுமையே அல்ல. பாடசாலை விடும் நேரம் எந்தச் சந்தியிலும் பாருங்கள். ஆனால் 18, 20 வயதோடு அது நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் கற்பித்தபோது பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் ஓடப் பழகினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். கல் உடைப்பவர்களும் தண்ணீர் சுமப்பவர்களும் அதனால் மிச்சம் பிடித்தது நேரத்தை. யாருடைய வரவையும் எதிர்பாராமல் போய்வரும் சுதந்திரத்தையும்.

நம் பெண்களுக்கு ஓடத் தெரியும். தடை வேறு. மலசலகூடம் முதலாவது. ஆண்கள் பற்றையோரம் ஒதுங்கிவிடுவார்கள். எங்கள் பயணத்தில் கோயில், பள்ளிவாசல், பாடசாலை, தெரிந்த வீடு என்று 25 கிலோமீற்றருக்குள் ஓர் இடம் முன்கூட்டியே கேட்டு வைக்கப்பட்டிருந்தது. இரண்டாவது, வீட்டு வேலை. இரண்டு நாள் போவதென்றால் பிள்ளைகளையும் வயதானவர்களையும் யார் பார்ப்பது? வந்த ஏழு பேரில் மூவர் குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள். பக்கத்து வீடுகள் பொறுப்பெடுத்ததால்தான் அவர்கள் வந்தார்கள். பெண்களுக்கு அழைப்பு அனுப்பினால் மட்டும் போதாது, இதையும் திட்டத்தில் எழுத வேண்டும்.

கேள்வி கேட்டு வருபவர்கள்

இந்தப் பகுதியை விட்டுவிட்டு எழுதினால் வாசகர்கள் நம்பமாட்டார்கள். நம் பிரதேசத்தில் 24 பேர் ஒன்றாகப் போவதென்றால் யாராவது கேட்டு வருவார்கள். எங்களிடமும் வந்தார்கள். சீருடை இல்லை. பெயர்ப்பட்டியலும் அடையாள அட்டை இலக்கங்களும் வேண்டும் என்றார்கள். ஒழுங்கமைப்பாளர் ஏற்கெனவே பாதை, நாள், நேரம், பொறுப்பாளர் ஒருவரின் பெயரும் இலக்கமும் அடங்கிய கடிதத்தைப் பொலிசுக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமும் வாங்கியிருந்தார். அந்தப் பிரதியைக் காட்டினார். மற்றவர்களின் விபரத்தைக் கொடுக்கவில்லை. அவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இதனால் இருவர் வராமல் நின்றுகொண்டார்கள். புனர்வாழ்வு பெற்றவர்களும், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களும் இப்படியான விசாரிப்பை எத்தனை தடவை கண்டவர்கள் என்பது நமக்குத் தெரியும். அவர்களை யாரும் வற்புறுத்தவில்லை. ஆகவே கடிதத்தை முன்கூட்டியே கொடுங்கள், ஒப்பம் வாங்குங்கள், ஒருவர் மட்டும் பேசட்டும். வருவதா இல்லையா என்ற முடிவைக் கடைசி நாள்வரை ஒவ்வொருவரின் கையிலும் விடுங்கள்.

நீங்கள் தொடங்குவதென்றால்

ஆறு கிழமை போதும். முதல் கிழமை 15 கிலோமீற்றர், பிறகு கிழமைக்கு எட்டுப் பத்தாகக் கூட்டுங்கள். ஐந்தாம் கிழமை ஒரு தடவை 55, 60 ஓடிப் பார்த்துவிட்டால் இரண்டு நாள் பயணத்துக்கு உடம்பு தயார். கடைசிக் கிழமை ஓய்வு. திருகோணமலையில் இருப்பவர்களுக்கு நிலாவெளி, குச்சவெளி வீதி பயிற்சிக்கு நல்லது. நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய வருத்தம் உள்ளவர்கள் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் ஓடும்போது சீனி இறங்கலாம், பையில் இனிப்பு கட்டாயம்.

புறப்படுமுன் ரயரில் காற்று, பிரேக் கட்டை, செயின் மூன்றையும் பாருங்கள். தலைக்கவசமும் பின் சிவப்பு வெளிச்சமும் இல்லாதவரை ஏற்காதீர்கள். வெருகலுக்கு இரு பக்கமும் யானை நடமாட்டம் உண்டு, இருளில் அந்தப் பகுதியில் ஓட வேண்டாம். வெயில் ஏறும் பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் நிழலில் கிடவுங்கள். சாப்பாட்டை ஊர்க் கடைகளில் வாங்குங்கள். முதல்நாளே சொல்லிவிட்டால் 24 பேருக்கு இடியப்பமும் சொதியும் சம்பலும் எந்த ஊரிலும் கிடைக்கும். அந்தக் காசும் அந்த ஊரிலேயே நிற்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வீதியால் ஓடிவந்தவர்கள் இருவர் மூவரையாவது உங்கள் கூட்டத்தில் சேருங்கள். சைக்கிள் ஓட முடியாவிட்டால் பட்டாவில் வரட்டும். எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்த மரத்தடியில் நிழல் நிற்கும், எங்கே நின்று தலைகுனிய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அடுத்த மாசியில் எங்கள் குழு மறுபடி போகிறது. பெரியம்மா பட்டாவில் முன்சீற்றைக் கேட்டிருக்கிறா.